ரெண்டு வரிக்கு நடுவில் பத்து வரி

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடித்து, டிவியை அணைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

கொஞ்ச நாளாகப் பழைய மாணவர்கள் யார் பேசினாலும் ஒரே புகார்தான், ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து. ஐம்பதைத் தொட்டவர்கள், "டீச்சர், புதுசா வர்ற பசங்க ஒரு வேலையை முடிச்சா எப்படி முடிச்சான்னே சொல்ல மாட்டேங்குறான். ஒரு வரி மெசேஜ் போடுறான். தலையும் புரியல, வாலும் புரியல" என்கிறார்கள். இருபத்தைந்து வயதுக்காரர்கள், "டீச்சர், நாம ஒண்ணு கண்டுபிடிச்சு சொன்னா நேத்து வந்தவன்னு வாயை அடைக்கிறாங்க. என்ன சொல்றோம்னு காது கொடுத்தே கேக்குறதில்ல" என்கிறார்கள். ஒருவர் துறைமுகத்தில், ஒருவர் மணலியில், ஒருவர் பேங்கில், ஒருவர் கன்டெய்னர் யார்டில். ரெண்டு பக்கமும் நான் அ, ஆ எழுத வைத்த கைகள். யார் பக்கம் பேசுவேன்?

அதனால் பக்கம் பேசாமல் ஒரு வரலாறு சொல்கிறேன். கணிதமேதை ராமானுஜன் கதை. உடனே "தெரியும் டீச்சர், 1729, டாக்ஸி நம்பர்" என்று ஓடாதீர்கள். நான் சொல்லப்போவது கேம்பிரிட்ஜ் கதை இல்லை. இன்றைக்கு ராஜாஜி சாலை என்கிறோமே, அப்போது ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர், அந்தச் சாலையில் நம் துறைமுக ஆபீசில் நடந்தது. ராயபுரத்திலிருந்து நடந்தே போகிற தூரம்.

1912 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக ஓர் இளைஞர் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். வயது 24. அவர் படிப்பைப் பார்த்தால் இன்றைக்கு எந்த ஆபீசிலும் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. இங்கே பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து எஃப்.ஏ. எழுதி அதிலும் தேறவில்லை. கணக்கில் மட்டும் யாராலும் அவரை எட்ட முடியாது, மற்ற பாடமெல்லாம் கோட்டை. இதற்கு முன் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் சில வாரங்கள் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை பார்த்திருந்தார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதம்தான் கையில் இருந்தது. பிராட்வே பக்கம் சைவ முத்தையா முதலி தெருவில் பாட்டியோடு குடியிருந்தார்.

அந்த ஆபீஸ் மேனேஜர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தவர். 1907-இல் வி. ராமஸ்வாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்திலும் இருந்தார். இவருக்கும் மேலே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அயர்லாந்துக்காரர், 1849-இல் பிறந்தவர், அப்போது 63 வயது. ரயில்வே பொறியாளராகப் பெயர் எடுத்து, 1904-இல் துறைமுகத்துக்குத் தலைவராக வந்தார். பழைய கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் புது வாசல் வைத்த ஆள் இவர்தான். இந்தத் துறைமுகச் சுவரால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானதும், வடக்கே நம் ராயபுரம், காசிமேடு கரையை அலை அரித்ததும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல் கொட்டிய கரையில்தானே விளையாடி வளர்ந்தீர்கள்.

ஆக ஒரே கட்டடத்தில் மூன்று தலைமுறை. 63 வயதுத் தலைவர், நடுவில் மேனேஜர், 24 வயதுக் குமாஸ்தா. மூன்று பேருக்கும் பொதுவான பேச்சு எது?

இங்கே ராமானுஜனிடம் இருந்த ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அவருக்கு விடை வரும், வழி எழுத வராது. வராது என்பதைவிட, எழுத மாட்டார். அதற்குக் காரணமும் உண்டு. பள்ளி நாளில் அவர் கைக்குக் கிடைத்த பெரிய கணிதப் புத்தகம் ஜி.எஸ். கார் என்பவர் எழுதியது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. கணிதம் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று பிள்ளை நினைத்துக்கொண்டது. இரண்டாவது காரணம் காசு. தனக்கு மாதம் நாலு ரீம் காகிதம் வேண்டியிருக்கும், வாங்கப் பணம் எங்கே என்று ஒரு நண்பரிடம் சொன்னாராம். அதனால் எல்லாம் சிலேட்டில். பல்பத்தால் எழுதுவது, முழங்கையால் அழிப்பது, மறுபடி எழுதுவது. கடைசியில் வந்த விடை மட்டும் நோட்டுக்கு ஏறும். வழியெல்லாம் முழங்கையோடு போய்விடும்.

இது வெளியே எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். 1911-இல் கணிதக் கழகப் பத்திரிகைக்கு அவருடைய முதல் கட்டுரை போனது. பத்திரிகை ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதைப் பலமுறை திருப்பி அனுப்பித் திருத்தி வாங்க வேண்டியிருந்தது. புதுமை இருக்கிறது, ஆனால் இவ்வளவு சுருக்கினால் சாதாரண வாசகன் தொடர்ந்து வர முடியாதே என்பது அவருடைய கவலை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். அதே வருஷம் அதே பத்திரிகையில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விட்டார்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) = ?

முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே போகிறது. பல மாதம் யாரும் பதில் அனுப்பவில்லை. அவரே சொன்னார், விடை 3. "எப்படி?" என்று நமக்கு வாய் பிளக்கிறது அல்லவா? இப்போது வழியைப் பாருங்கள். 3-இன் வர்க்கம் 9. அது 1 + 8. எட்டு என்பது 2 × 4. ஆக 3 = √(1 + 2 × 4). அந்த 4-ஐ எடுங்கள். வர்க்கம் 16, அது 1 + 15, அதாவது 1 + 3 × 5. அந்த 5-ஐ எடுங்கள். 25 = 1 + 24 = 1 + 4 × 6. அப்புறம் 6, அப்புறம் 7. பிடிபட்டதா? (முடிவில்லாமல் போகும்போது இது மட்டும் போதாது, இன்னொரு நிரூபணம் வேண்டும் என்று கணிதம் படித்த பிள்ளைகள் கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். அதுவும் சரிதான்.) வெறும் 3 என்று சொன்னபோது மந்திரம் மாதிரி இருந்தது. நாலு படி எழுதினதும் நம் வீட்டுக் கணக்காகிவிட்டது. "ஸ்டெப் எங்கடா? ஸ்டெப் இல்லன்னா பாதி மார்க்" என்று நான் கத்தினது இப்போதாவது ஞாபகம் வருகிறதா?

சரி, ஆபீசுக்கு வருவோம்.

நாராயண ஐயருக்குத் தன் கீழே வேலை செய்யும் இந்தக் குமாஸ்தா யார் என்று சீக்கிரமே விளங்கிவிட்டது. ஆனால் அவன் எழுதுவது விளங்கவில்லை. கவனியுங்கள், இவர் எம்.ஏ. கணிதம், கல்லூரியில் பாடம் நடத்தியவர், ஆபீசில் மேனேஜர். பையன் எஃப்.ஏ. பெயில். இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? "என்ன கிறுக்கியிருக்க, ஒழுங்கா லெட்ஜரைப் பாரு" என்று சொல்லியிருப்போம். அல்லது புரிந்த மாதிரி தலையாட்டியிருப்போம்.

அவர் இரண்டையும் செய்யவில்லை. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில் அவர் வீடு. சாயங்காலம் ராமானுஜன் அங்கே வருவார். மாடித் தாழ்வாரத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் கணக்குப் போடுவார்கள். பல்பம் கீச்சிடுகிற சத்தத்தில் வீட்டில் மற்றவர்களுக்குத் தூக்கம் போகும். அங்கேதான் மேனேஜர் குமாஸ்தாவிடம் சொன்னாராம்: நீ என் அளவுக்கு இறங்கி வா, உன்னுடைய ரெண்டு வரிக்கு நடுவில் பத்து வரியாவது எழுது, அப்போதுதான் எனக்கு விளங்கும் என்று. ராமானுஜனுக்கோ ஆச்சரியம். இவ்வளவு தெளிவாக இருப்பதை இன்னும் ஏன் நீட்ட வேண்டும்? ஐயர் விடவில்லை. உனக்குத் தெளிவு, எனக்கு இல்லை, மற்றவர்களுக்கும் இருக்காது என்று கெஞ்சியும் அதட்டியும் எழுத வைத்திருக்கிறார்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். "உன் அளவுக்கு என்னால் ஏற முடியவில்லை" என்று ஒரு மேலதிகாரி, அதுவும் 1912-இல், தனக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னப் பையனிடம் சொல்கிறார். அதைச் சொன்னதால் அவர் மரியாதை ஒன்றும் குறையவில்லை. மேனேஜர் மேனேஜராகவே இருந்தார். பையனும் அவரிடம் எகிறிக் குதிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே என்றாலும் எழுதினார். நீ இறங்கி வா என்று சொன்னவர் தான் சும்மா இருக்கவில்லை, தன் சிலேட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பகல் முழுக்க ஆபீஸ் பார்த்தவர் ராத்திரி பதினொன்றரை வரை மாணவனாக உட்காருவது லேசான காரியம் இல்லை. என் சர்வீசில் அப்படிப்பட்ட தலைமை ஆசிரியர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

தலைவர் ஸ்பிரிங் வேறு மாதிரி. ஒரு கதை உண்டு, நாராயண ஐயரின் மகன் பின்னாளில் சொன்னது. ஒரு நாள் முக்கியமான ஆபீஸ் ஃபைல் ஒன்றுக்குள் கணிதக் காகிதங்கள் கிடந்தனவாம். ஸ்பிரிங் நாராயண ஐயரைக் கூப்பிட்டு, ஆபீஸ் நேரத்தில் கணிதம் போடுகிறீரா என்று கோபமாகக் கேட்டார். ஐயர் பதறி, இது என் கையெழுத்து இல்லை, ராமானுஜன் எழுதியதாக இருக்கலாம் என்றார். ஸ்பிரிங் சிரித்துவிட்டார். அவருக்கு முன்பே தெரியும், சும்மா சீண்டிப் பார்த்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் அனுமதி இருக்கிறது. உன் வேலையை முடித்துவிட்டாயா, மிச்ச நேரத்தில் உன் கணக்கைப் போடு.

ஆனால் ஸ்பிரிங் பாலம் கட்டுகிறவர், துறைமுகம் கட்டுகிறவர். இந்தக் கணிதம் உயர்ந்ததா, வெறும் வித்தையா என்று அவரால் எடை போட முடியாது. அதனால் தெரிந்தவர்களிடம் கேட்கத் தொடங்கினார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் தனக்குப் பாடம் சொன்ன எம்.ஜே.எம். ஹில் என்பவருக்கு எழுதினார். ஓர் உயர் அதிகாரியின் கருத்து, இது மனக்கணக்குப் போடும் சிறுவர்களுக்கு இருக்கிற மூளை போலத் தெரிகிறது என்கிற தொனியில் இருந்தது. 1912 டிசம்பரில் ஹில் பதில் போட்டார். பையனுக்கு ஆர்வமும் ஓரளவு திறமையும் இருக்கிறது, அடிப்படை போதவில்லை, சில இடங்களில் சறுக்கியிருக்கிறான், தெளிவாக எழுத வேண்டும், விளக்காத குறியீடுகளைப் போடக் கூடாது, இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்று. தப்பான புத்திமதி இல்லை. நாராயண ஐயர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஹில் சொன்னது கடிதத்தில், கடல் தாண்டி. ஐயர் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்து, கையில் பல்பத்தோடு.

அப்புறம் 1913 ஜனவரி 16. பெரியவர்கள் யோசனைப்படி ராமானுஜன் கேம்பிரிட்ஜில் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். முதல் வரியிலேயே தன்னை அறிமுகம் செய்துகொள்வது துறைமுகக் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா என்றுதான். (வயது சுமார் 23 என்று எழுதினார். 25 முடிந்திருந்தது!) நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள், நிரூபணம் இல்லை. ஹார்டிக்கு அப்போது 35 வயது. அவர் பதிலில் கேட்டதும் அதே பத்து வரிதான்: நிரூபணம் அனுப்புங்கள். ராமானுஜன் தயங்கினார். முன்பு ஒருவர் சொன்ன மாதிரியே நீங்களும் சறுக்கிவிட்டான் என்று சொல்லிவிடுவீர்கள், 1 + 2 + 3 + ... என்று கூட்டினால் –1/12 வரும் என்று என் முறைப்படி சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்கிற அர்த்தத்தில் எழுதினார். ஹில் கடிதத்தின் காயம் ஆறவில்லை என்று தெரிகிறது. இளைய தலைமுறை ஏன் வாயைத் திறப்பதில்லை என்று கேட்கும் பெரியவர்கள் இந்த இடத்தை ரெண்டு தடவை படியுங்கள்.

அதற்குள் மெட்ராசில் வேலை நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 25-ஆம் தேதி வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார்கள். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலாவதாக வந்தவர். அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை எப்படி என்ற விவாதமெல்லாம் நடந்து, கடைசியில் 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாருங்கள், அங்கேயும் வழி எழுதித்தான் தீர வேண்டும்! 1914-இல் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் வந்து பேசி, ஸ்பிரிங் கவர்னரின் அந்தரங்கச் செயலாளருக்கே கடிதம் போட்டு, மார்ச் 17-ஆம் தேதி நம் துறைமுகத்திலிருந்தே 'நெவாசா' கப்பலில் ராமானுஜன் கிளம்பினார். மிச்சம் உலகத்துக்கே தெரியும்.

2015-இல் வந்த ஆங்கிலப் படத்தில் ஸ்பிரிங்காக ஸ்டீபன் ஃப்ரை, நாராயண ஐயராக திருதிமான் சாட்டர்ஜி நடித்தார்கள். கதை சீக்கிரம் கப்பல் ஏறிவிடுகிறது. எனக்கு அந்த மாடித் தாழ்வாரம்தான் முக்கால் படம்.

ஒன்றை மறைத்துப் பேசக் கூடாது. இந்தக் கதையில் வரும் மேனேஜரும் குமாஸ்தாவும் ஒரே சமூகம், இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியும், ஒருவர் வீட்டு மாடியில் இன்னொருவர் தடையில்லாமல் ஏற முடிந்தது. அதே 1912-இல் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் ஏதாவது எழுதியிருந்தால், இறங்கி வந்து பத்து வரி எழுது என்று கேட்க அங்கே யார் இருந்தார்கள்? நான் பாடம் நடத்திய காலத்தில் உங்களில் பாதிப் பேருக்கு அப்பா கடலிலோ துறைமுகத்திலோ. உங்களுக்கு முன்னால் ராமானுஜன் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் தொண்டையில் நிற்கும். ஆபீசில் உங்களிடம் புதிதாக வரும் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்க்காமல் அவன் எழுதியதைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கடைசியாக, இந்த மாடித் தாழ்வாரம், ஃபைல் கதையெல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு பள்ளி ஆசிரியரால். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசன், பி.கே.எஸ். என்போம். ராமானுஜனைத் தெரிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைத் தேடிப்பிடித்து, நினைவுகளையும் கடிதங்களையும் சேகரித்து, 1968-இல் அந்தப் பள்ளியின் பெயரிலேயே புத்தகமாகக் கொண்டுவந்தார். நாராயண ஐயர் மகனின் நினைவும் அதில் இருக்கிறது. பிற்பாடு உலகம் முழுக்க ராமானுஜனைப் பற்றி எழுதியவர்கள் அதிலிருந்துதான் எடுத்தார்கள். 1993-இல் அவர் உருவாக்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் ராயபுரத்தில், சோமு செட்டி தெருவில், அவ்வை கலைக்கழகத்தில். எத்தனை பேர் அந்தத் தெரு வழியாக டியூஷனுக்குப் போனீர்கள், ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்தீர்களா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த நினைவுகளில் இன்னொன்று. ராமானுஜன் சீமைக்குக் கிளம்பும் சமயம் நாராயண ஐயர் ஒரு காரியம் கேட்டாராம். உன் சிலேட்டை எனக்குக் கொடு, என்னுடையதை நீ எடுத்துக்கொள் என்று. மாற்றிக்கொண்டார்கள். அவன் இல்லாத நாளில் அந்தச் சிலேட்டைத் தொட்டாவது தனக்கு ஏதாவது தோன்றாதா என்று அப்பா நினைத்திருக்கலாம் என்கிறார் மகன்.